நிற்காத பேச்சு

"எழவு விழுந்து இன்னும் ஈரம் காயல. அதுக்குள்ள பார்க்குக்குப் போறமின்னா ஊரு என்ன பேசும்னு நெனச்சுப் பாத்தயா?"

வெண்டைக்காய் அறுப்பதை நிறுத்தாமலே கேட்டாள் தெய்வானை அத்தை. கேட்டது தம்பி பெண்டாட்டி பூங்கொடியை. அவளோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் மகள் நித்திலாதான் பதில் சொல்லவேண்டியிருந்தது.

"அம்மாதானுங்கத்தை போலாம்னாங்க."

"அவ சொன்னாளா? வாயத் தொறந்து?"

"சொன்னாங்க."

"சோறு வேணுமான்னு கேட்டா மண்டைய மண்டைய ஆட்டறவ, பார்க்குன்னதும் வாயத் தொறந்துட்டாளாக்கும். என்ற தம்பி போனது போச்சு, இவளுக்கு ராட்டினம் கேக்குது."

பூங்கொடி திரும்பினாள். "நங்கை, நா ராட்டினத்துக்குப் போகலீங்க," என்றாள் மெதுவாக. "எனக்கு அங்க ஒரு வேலை இருக்குது."

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியுமாக இத்தனை காலம் ஒரே ஊரில் இருந்தும், பூங்கொடி இப்படி எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அத்தை மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, "என்னமோ பண்ணுங்க," என்று முடித்துக்கொண்டாள்.

அந்த வேலை என்னவென்று நித்திலாவுக்குத் தெரியும். அவளே சொன்ன ஒரு பொய்யிலிருந்து முளைத்த வேலை அது.

நித்திலாவின் அப்பா நாச்சிமுத்து ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது தண்ணீர் அல்ல. கட்டிலைச் சுற்றி அத்தை, அத்தை மகன், நர்சம்மா எல்லோரும் நின்றிருந்தார்கள். மூச்சுக் குழாயைத் தானே சற்று நகர்த்திவிட்டு, "ஒருக்கா என்ற பேரச் சொல்லிக் கூப்புடு பூங்கொடி. யாரும் தப்பா நெனைக்கமாட்டாங்க," என்றார்.

புருஷன் பேரைச் சொல்லாத வழக்கம் ஊரில் மற்ற வீடுகளில் எப்போதோ போய்விட்டது. பூங்கொடி மட்டும் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ரேஷன் கடையிலோ பேங்கிலோ பேர் கேட்டால் நித்திலாவைப் பார்ப்பாள், நித்திலா சொல்லுவாள். அது வீட்டில் ஒரு கேலியாகவே இருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டபோதும் அவள் நித்திலாவைத்தான் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். அப்பா காத்திருந்தார். காத்திருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

எல்லோரும் அதை வெட்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். பூங்கொடி மட்டும் மகளிடம் வேறு சொன்னாள்.

"வெக்கமா இருந்திருந்தாப் பரவால்ல கண்ணு. மனசு வரல. அதான் நெசம். அந்த மனுசன் எனக்கு ஒரு கெடுதி பண்ணல. கடுஞ்சொல்லு ஒண்ணு சொன்னதில்ல. ஆனா கொஞ்ச வருசமாவே உள்ளுக்குள்ள ஒரு கசப்பு. அவிய மூஞ்சியப் பாத்தா என்னமோ ஒட்டமாட்டீங்குது. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. சாகற மனுசன் கேட்டும் வாயி வரலைன்னா நானெல்லாம் பொம்பளையா?"

அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வாய் வைப்பாள், தட்டைத் தள்ளுவாள். டாக்டரம்மா, "இப்படியே விட்டா அவங்களும் தங்கமாட்டாங்க," என்று நித்திலாவிடம் தனியாகச் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நித்திலா அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"அம்மா, நீங்க அப்பாவப் பேர் சொல்லிக் கூப்புட்டிருக்கீங்க."

"எங்க?"

"முதல்நாள் பார்க்குல. வருசா வருசம். உங்களுக்குத்தான் நெனப்பில்ல. எனக்கு இருக்குது."

பூங்கொடி மகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "நெசமாலுமா?"

"நெசமாலுங்."

அன்றைக்குத் தட்டு காலியானது. சாப்பிட்டுக் கை கழுவியவள், "அப்ப அங்கயே போலாம். அங்க போனா எனக்கு வாயி வருமாட்டிருக்குது," என்றாள்.

முதல்நாள் பார்க் மலையடிவாரத்தில் இருந்தது. அதற்குப் போகாத குடும்பம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. ராட்டினமும் அலைக்குளமும் பனிக்கூடமும் எல்லா இடத்திலும்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டாம் தடவை போனால் பாதி சப்பென்று ஆகிவிடும். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. எத்தனை தடவை போனாலும் அதுதான் முதல் தடவை.

நித்திலாவுக்கு எட்டு வயதில், முதன்முதலாகப் போனபோது, வாசலில் பட்டை கட்டிவிட்ட ஆள் அப்பாவிடம் விளக்கியது இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது.

"இன்னைக்குப் பாத்தது நாளைக்கு நெனப்புல நிக்கோணும்னா, அது மண்டைக்குள்ள உறையோணுமுங்க. உறை ஊத்துன பாலு உடனே தயிராயிருதுங்களா? அந்த மாதிரிதான். உறையறதுக்குள்ள நாங்க எடுத்துருவமுங்க. பொழுதோட வெளிய போறப்ப, உள்ள நடந்தது ஒண்ணும் இருக்காது. அடுத்த வருசம் புதுசா வருவீங்க."

"அப்ப நா இன்னைக்குச் சந்தோசமா இருந்தா, அது தெண்டமா?"

"இருந்தது இருந்ததுதானுங்களே."

"பேசறது?"

"அதும் நிக்காதுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேட்டயா? இங்க பேசறது எதுவும் நிக்காதாம்."

நித்திலாவுக்கு மட்டும் அந்தப் பட்டை கிடைக்கவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. நினைப்பை எடுக்கிற கருவி வலிப்பைக் கிளப்பிவிடும் என்று, வேறு மாதிரி மஞ்சள் பட்டை ஒன்றை அடையாளத்துக்குக் கட்டிவிட்டார்கள். மஞ்சள் பட்டைக்காரர்களுக்கு எல்லாம் நினைவிருக்கும்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. பெரிய ராட்டினத்தில் அப்பா பயந்து முருகனைக் கூப்பிட, அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இரண்டாம் வருஷம், கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை மரத்தடியில் தின்னும்போது அப்பாதான் ஆரம்பித்தார்.

"இங்க பேசறதுதான் நிக்காதே. ஒண்ணு சொல்லட்டா? நீ வெக்கற ரசம் எனக்கு ஆகவே ஆகாது."

"அப்படிங்களா? உங்கக்கா மூஞ்சி எனக்கு ஆகாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நித்திலாவும் சிரித்தாள். அது ஒரு விளையாட்டு போல இருந்தது. அப்பா இன்னொன்று சொன்னார், அம்மா அதற்கு ஒன்று. எங்கே என்று தெரியாமல் எங்கேயோ சிரிப்பு நின்றுபோனது. வருஷம் முழுக்க விழுங்கி வைத்ததெல்லாம் அந்த மரத்தடியில் வெளியே வந்தது.

அடுத்த வருஷம் அவர்களுக்கு அந்த விளையாட்டு நினைவில்லை. ஆனால் வாசலில் அதே விளக்கம். அப்பாவின் அதே கண்ணடிப்பு. அதே மரத்தடி, அதே ரசம். முடிவு மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஆழமாகப் போனது. நித்திலாவின் வலிப்பு அதிகமான வருஷம், "இது உன்ற பொறந்த ஊட்டு நோவுதான? உங்க சித்தப்பனுக்கு இருந்தத மறைச்சுத்தான உன்னைக் கட்டி வெச்சாங்க?" என்றார் அப்பா. வந்த மாப்பிள்ளை வீட்டார் விஷயம் தெரிந்து திரும்பிப்போன வருஷம், "இவளுக்கு இப்படியாகும்னு தெரிஞ்சிருந்தா உங்களக் கட்டியே இருக்கமாட்டேன்," என்றாள் அம்மா.

பக்கத்தில் உட்கார்ந்து நித்திலா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் மஞ்சள் பட்டை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் எல்லாம் மறந்துபோகும் இடத்தில், மகளுக்கு மறக்காது என்பதுதான் முதலில் மறந்துபோனது.

பொழுதோடு வெளியே வந்ததும் அப்பா ஆசையாகக் கேட்பார்: "ஏங்கண்ணு, நாங்க உள்ள எப்படி இருந்தோம்?"

தன்னால்தானே சண்டை என்று ஒன்பது வயதில் நினைத்தவள், அப்படியே நினைத்துக்கொண்டு வளர்ந்தாள். "ரொம்ப நல்லா இருந்தீங்க. அப்பா ராட்டினத்துல பயந்து முருகனக் கூப்புட்டாங்க. அம்மாவுக்குப் பொரையேறிருச்சு," என்பாள். முதல் வருஷத்துக் கதையையே கொஞ்சம் மாற்றி மாற்றிச் சொல்லுவாள். அதை நம்பி அடுத்த வருஷமும் டிக்கெட் போடுவார் அப்பா.

ஊருக்குத் திரும்புகிற வழியில் மற்றக் குடும்பங்கள் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வரும். இவர்கள் மூன்று பேரும் பேசாமல் வருவார்கள். அலைச்சல் என்று சொல்லிக்கொண்டார்கள். அப்புறம் வீட்டிலும் பேச்சு குறைந்தது. வயதாகிறதல்லவா என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆக, அம்மாவும் மகளும் போனார்கள்.

விடுமுறைக் கூட்டம். வாசலில் பட்டை கட்டிவிட்ட பெண் அதே தயிர் விளக்கத்தைச் சொல்லிவிட்டு, "அய்யா வரலீங்களா? கணக்குல மூணு பேரு கொண்ட குடும்பம்னு காட்டுதே," என்றாள்.

"இந்த வருசம் வரல," என்றாள் பூங்கொடி.

உள்ளே போனதும் அவள் ராட்டினத்தையோ அலைக்குளத்தையோ ஏறிட்டும் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த எடத்துல கூப்புட்டேன்? அங்க கூட்டிட்டுப் போ."

நித்திலா இதை எதிர்பார்த்திருக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். குகைக்குள் போய்வரும் படகுகள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு படகிலும் இரண்டிரண்டு பேராக உட்கார வரிசையாய்ப் பலகைகள்.

"அந்தப் படகுலங்."

"எப்படிக் கூப்புட்டேன்? முழுப் பேரும் சொல்லியா?"

"ஆமாங். முழுசா."

"அதுக்கு அவிய என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

பூங்கொடி முன்பலகையில் ஏறினாள். பக்கத்தில் இடத்தை விட்டு ஓரமாக உட்கார்ந்தாள். நித்திலா பின்பலகையில். படகு நகர்ந்தது. குகைக்குள் மின்மினி மாதிரி விளக்குகள், எங்கேயோ அருவிச் சத்தம். அம்மாவின் தோள் ஏறி இறங்குவதை நித்திலா பார்த்தாள். வாய் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. படகு வெளிச்சத்துக்கு வந்து நின்றது. அவள் ஒரு எழுத்துக்கூடச் சொல்லவில்லை.

"இங்கயும் வரமாட்டீங்குது."

"பரவால்லீங்கம்மா. சித்த உக்காந்துட்டு மறுபடி போலாம்."

கரையில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பூங்கொடி தன் மணிக்கட்டுப் பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"நித்திலா. இங்க பேசறது எனக்கு நிக்காதில்ல?"

"நிக்காதுங்."

"அப்ப நெசத்தச் சொல்லு. நா கூப்புட்டனா?"

ஒரு குழந்தை ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டு போனது. நித்திலா அந்தக் குழந்தை மறைகிறவரைக்கும் பார்த்தாள்.

"இல்லீங்கம்மா."

"ஒரு வருசங்கூட?"

"ஒரு வருசங்கூட இல்ல."

"அப்பறம் நாங்க இங்க வந்து என்னதான் பண்ணுனோம்?"

சொன்னாள். ரசத்திலிருந்து ஆரம்பித்தாள். சித்தப்பன் கதையைச் சொன்னாள். அம்மா சொன்னதைச் சொன்னாள். இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை, கேட்டவர்கள் மறந்துபோவார்கள் என்ற தைரியத்தில் சொல்லிக்கொண்டே போனாள். அந்தத் தைரியம் அப்பா அம்மாவுக்கு மரத்தடியில் வந்த அதே தைரியம் என்பது பாதியில் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

பூங்கொடி பட்டையைத் திருகுவதை நிறுத்தியிருந்தாள். எல்லாம் முடிந்தபிறகு, "கட்டியே இருக்கமாட்டேன்னு நானா சொன்னேன்?" என்றாள்.

"ஆமாங்."

"உன்னையப் பக்கத்துல வெச்சுட்டா?"

நித்திலா தலையசைத்தாள். அம்மா தன்னை அணைத்துக்கொள்வாள் என்று அவள் எதிர்பார்த்தாள். இத்தனை காலம் தனியாகச் சுமந்தாயே என்று ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தாள்.

"வெளிய வந்து, நல்லா இருந்தீங்கன்னு ஏன் சொன்னே?"

"எனக்கு அப்ப ஒம்பது வயசுங்கம்மா."

"அதுக்கப்பறம் உனக்கு இருவது வயசாகலையா? முப்பது ஆகலையா?" அவள் குரல் உயரவில்லை. "ஒரே ஒரு வருசம், நல்லா இல்லம்மான்னு நீ சொல்லியிருந்தா நாங்க வராமயே இருந்திருப்பமல்ல? எதுக்குக் கசக்குதுன்னு தெரியாம ரெண்டு கெழடும் ஒரே ஊட்டுக்குள்ள மூஞ்சியத் திருப்பிட்டுக் கெடந்தமே. அந்த மனுசன் கேட்டுட்டுப் போயிட்டாரு. நீ கட்டில்கிட்ட நின்னு பாத்துட்டுத்தான இருந்தே?"

"அம்மா..."

"பேசாத. உன்ற கூட எனக்குப் பேச்சில்ல."

எழுந்து, மகளுக்காக நிற்காமல் படகுத்துறைக்குப் போனாள். நித்திலா ஓடிப்போய்ப் பின்பலகையில் ஏறிக்கொண்டாள். படகு குகைக்குள் நுழைந்து, வெளிச்சம் போன பிறகுதான் அந்தக் குரல் கேட்டது.

"நாச்சிமுத்து."

அருவிச் சத்தத்தில் முதலில் சந்தேகமாக இருந்தது. மறுபடி வந்தது.

"ஏனுங் நாச்சிமுத்து. கேக்குதுங்களா? உங்க வாய்க்கு ஏனுங்க அத்தன வெசம்? எனக்கும் கொறச்சலில்லைதான். ரசம் புடிக்கலைன்னா ஊட்டுல வெச்சே சொல்லித் தொலைச்சிருக்கலாமல்லங்க நாச்சிமுத்து. புளியக் கொறைச்சிருப்பேன்."

படகு நின்றது. துறையில் இருந்த பையன் கை கொடுத்தான். "எறங்குங்கம்மா."

"எறங்கமாட்டேன் தம்பி. நாங்க பேசிட்டிருக்கறோம்."

அவன் காலிப் பலகையைப் பார்த்தான், பின்னால் நித்திலாவைப் பார்த்தான், படகைத் தள்ளிவிட்டான். மறுபடி குகை. மறுபடி அந்தப் பேர். திட்டுவதற்கும் அந்தப் பேர், கொஞ்சுவதற்கும் அந்தப் பேர். கல்யாணத்தன்று அவர் வேட்டி தடுக்கி விழப்போன கதையைச் சொல்லி அவரையே கேலி செய்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். சாயங்கால மணி அடித்து, எல்லோரும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி கூப்பிடுகிறவரைக்கும் அந்தப் படகு சுற்றிக்கொண்டே இருந்தது.

நினைப்பு எடுக்கும் கூடத்தின் வாசலில் பூங்கொடி நின்றாள். அவ்வளவு நேரம் கழித்து அப்போதுதான் மகளிடம் பேசினாள்.

"இதுவும் போயிருமில்ல?"

"நெனப்ப எடுக்க வேண்டாம்னு எழுதிக் குடுத்தா எடுக்கமாட்டாங்கம்மா. நீங்க வெச்சுக்கலாம்."

"வெச்சுட்டா நீ சொன்னதும் சேந்துதான இருக்கும்?"

"ஆமாங்."

"எனக்கு அதெல்லாம் வேண்டாம்." கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். "வெளிய வந்து நாங் கேட்டா, ஊட்டுல சொன்னியே, அதையே சொல்லு. நல்லாத்தான் சொல்றே நீ."

அது பாராட்டு இல்லை.

கூடத்திலிருந்து வெளியே வந்தவள் முகம் துடைத்துவிட்டது போல இருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "முடிஞ்சுதா?" என்றாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நித்திலாவும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். பூங்கொடி ஜன்னலோரம் போனாள்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், வயல்களைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னாள்:

"சோளம் நல்லா வந்திருக்குது. நாச்சிமுத்து இருந்திருந்தா எறங்கிப் பாத்துட்டுத்தான் வருவாரு."

நித்திலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சொன்னதை அவளே கவனிக்கவில்லை. இத்தனை வருஷம் நாக்கில் ஏறாத பேர், ஒரு நாள் முழுக்கப் புழங்கிப் புழங்கிப் பழகிப்போய், நினைப்பு போன பிறகும் நாக்கிலேயே தங்கிவிட்டது.

"நாச்சிமுத்துவுக்கு ஜன்னலோரம்தான் வேணும், உனக்குத் தெரியுமில்ல? எனக்கு ஒரு நாளும் விட்டுக் குடுத்ததில்ல," என்றாள் பூங்கொடி. சிரித்தாள்.

நித்திலாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லாவற்றையும் அவர்களால் எடுத்துவிட முடியவில்லை என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அடுத்த ஊர் வரைக்கும்கூட நிற்கவில்லை. இது தங்கும் என்றால் அத்தனை வருஷத்து மரத்தடிக் கசப்பும் தங்கியிருக்கும். பெஞ்சில் அம்மா சொன்னது கோபத்தில் சொன்ன பேச்சு இல்லை. அதுதான் நடந்தது.

அப்போதுதான் கவனித்தாள். மூன்று பேர் உட்காரும் சீட்டில் அம்மா ஜன்னலை ஒட்டி ஒடுங்கியிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் கைப்பை இருந்தது.

"பையைக் கீழ வெச்சுட்டு நல்லா உக்காருங்கம்மா."

"இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமல் பூங்கொடி சொன்னாள்: "தப்பா நெனச்சுக்காத கண்ணு. உன்மேல ஒரு கோவமும் இல்ல. நீ என்ன பண்ணுனே பாவம். ஆனா என்னமோ இன்னைக்கு உன்ற கூடப் பேசவே மனசு வரமாட்டீங்குது. ஏன்னே தெரியல. அலைச்சலாட்டிருக்குது."

முன்சீட்டில் ஒரு குடும்பம் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தது. ஏன் சிரிக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

"அலைச்சல் இல்லீங்கம்மா," என்றாள் நித்திலா.

பூங்கொடி திரும்பினாள்.

"காரணம் எனக்குத் தெரியுமுங்க. சொன்னா இந்தத் தடவை உங்களுக்கு நிக்கும். பரவால்லீங்களா?"

அம்மா மகளையே பார்த்தாள். பிறகு நடுவில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நெருங்கி உட்காரவில்லை.

"சொல்லு," என்றாள்.